ஸ்வெட்டரக்கா கேட்ட ஒரே கேள்வி

எங்கள் சலவைக் கம்பெனியில் ரோலர் முறை வருகிறது என்றால் அந்த வாரம் ஆளாளுக்கு ஒரு நோய் வந்துவிடும். ஒருத்திக்கு இடுப்புப் பிடிப்பு, ஒருத்திக்குத் தலைசுற்றல், எனக்கு வழக்கமாகப் பல்வலி. ரோலர் என்பது துவைத்த பெட்ஷீட்டை இஸ்திரி போடும் இயந்திரம். ஆள் நீளத்துக்கு ஓர் உருளை, அதற்குள் நீராவி. ஈரத் துணியை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். அதன் முன்னால் நிற்பவளும் சாயங்காலத்துக்குள் வெந்துதான் வெளியே வருவாள். வாரத்துக்கு ஒருத்தி நிற்க வேண்டும் என்று சூப்பர்வைசர் முறை போட்டு வைத்திருந்தார். அந்த முறையை யாரும் மதித்ததில்லை. எங்களுக்குத்தான் ஸ்வெட்டரக்கா இருந்தாளே.

வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றைக் கழுத்துவரை பொத்தான் போட்டு மாட்டிக்கொண்டு வருவாள். அதனால் அந்தப் பெயர். என்னை வாயாடி என்பார்கள். அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

ரோலரை நாங்கள் யாரும் அவள் தலையில் கட்டவில்லை. அவளே வந்து கேட்பாள். கேட்கும்போது ஏதோ கடன் கேட்பதுபோலக் குரல் தாழ்ந்திருக்கும்.

"ஏ வாயாடி, இந்த வாரம் உன் முறைதானே? நான் நின்னுக்கட்டுமா?"

"ஐயோ, உனக்கு எதுக்குக்கா கஷ்டம்?" என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவள் மனசு மாறுவதற்குள் நான் அந்த இடத்தைக் காலி செய்துவிடுவேன்.

பதிலுக்கு அவளுடைய தூக்குகிற வேலையெல்லாம் எங்களுடையது. ஈரத் துணிக் கூடையை அவளால் தரையிலிருந்து எழுப்பவே முடியாது. இரண்டு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். கூடையை நாங்கள் தூக்குவோம், ரோலரில் அவள் நிற்பாள். எங்களுக்குச் சூடு ஆகாது, அவளுக்குச் சூடு இல்லாமல் ஆகாது. இப்படி இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்திப்போனதை எவள் கிளறுவாள்? கல்யாண வயசில் மகளை வைத்திருக்கும் ஒருத்திக்கு, நீராவி அடிக்கும் இடத்தில் நின்றும் ஏன் ஒரு பொட்டு வியர்வை வருவதில்லை என்று வருடக்கணக்கில் எங்களில் ஒருத்திகூடக் கேட்கவில்லை.

சொல்லப்போனால் எங்களுக்கு அவள்மேல் பொறாமைதான். முகம் வெளேரென்று, ஒரு சுருக்கம் இல்லாமல் இருக்கும். புருவம் மட்டும் பாதியோடு நின்றுபோய்விட்டதுபோல, ஓரத்தில் முடியே இருக்காது. மாதாமாதம் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் தொல்லையும் அவளுக்குக் கிடையாது. மகள் பிறந்ததோடு அது நின்றுவிட்டதாம். "குடுத்து வெச்சவ" என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டாள். சிரிப்பதற்கும் அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், நாம் சொன்ன வேடிக்கை அவளிடம் நடந்தே போய்ச் சேர்ந்ததுபோல.

அவள் புருஷன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். நல்ல மனுஷன், ஆனால் வாயில் பூட்டு. வீட்டில் பேசுகிற பொறுப்பு முழுவதையும் அவருடைய அம்மாதான் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மாமியாரை நான் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். தன் நாக்கின் கூர்மை தனக்கே தெரியாத ஜாதி. அவள் சொன்ன ஒரு வாக்கியத்தைத்தான் ஸ்வெட்டரக்கா ஸ்வெட்டரை விடப் பத்திரமாக மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஒரு நாள் டீ நேரத்தில் அதை அவளே சொன்னாள். அன்றைக்குப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழுக்கு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். எங்கள் வேலையில் அது சகஜம். ஒரு பிரசவத்துக்கு எத்தனை துணி நனையும் என்பது எங்கள் கைக்கே தெரியும். அந்த மூட்டையில் நனையாத துணியே இல்லை. அதைப் பார்த்துவிட்டு அக்கா எழுந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"எனக்கும் இப்படித்தான்டி ஆச்சு," என்றாள். "கொழந்த வெளிய வந்துடுச்சு. ரத்தம் நிக்கல. மேல இருக்கிற துணி, கீழ இருக்கிற துணி, மெத்த எல்லாம் ஊறிப்போச்சு. கண்ணு இருட்டிச்சு. பொழச்சதே பெருசுன்னாங்க."

"அப்புறம்?"

"முழிச்சு பாத்தா கொழந்தைய நெஞ்சுல வெச்சிருக்காங்க. அது தேடுது, சப்புது, கத்துது. ஒரு சொட்டு வரல. மறுநாளும் வரல. அதுக்கப்புறமும் வரல. வார்டு பூரா கேக்குற மாதிரி அத்தை சொன்னாங்க, பாசம் இருந்தா பால் தானா ஊறும், இவளுக்குக் கல்லு மனசுன்னு."

நான் அந்த மாமியாரைத் திட்டத் தொடங்கினேன். என்னிடம் அதற்குக் கையிருப்பு நிறையவே உண்டு. அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் விரல்கள் அந்த வெயிலில் சில்லென்று இருந்தன.

"திட்டாதடி. எனக்கே சந்தேகம் இருக்கு. எல்லாரும் சொல்வாங்களே, கொழந்த மொகத்த பாத்ததும் வலியெல்லாம் மறந்துடும்னு. எனக்கு மறக்கல. எனக்குத் தூங்கணும்னுதான் இருந்துச்சு. கொழந்தைய யாராவது எடுத்துக்கிட்டா தேவலாம்னு இருந்துச்சு. அத்தை சொன்னது நெசமா இருந்துட்டா?"

"போக்கா, பைத்தியம்" என்றேன். அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

குழந்தை டப்பாப் பாலில் வளர்ந்தது. புட்டியைக் கொதிக்க வைத்து, பாலைக் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து ஊட்டியது எல்லாம் அக்காதான். நடக்கும்போதே கண் செருகும் உடம்பை வைத்துக்கொண்டு இதைச் செய்தாள். வீட்டில் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இன்னொரு பிள்ளையும் பிறக்கவில்லை. அதுவும் அவள் கணக்கிலேயே ஏறியது. மாமியாரின் அந்த வாக்கியம் மட்டும் குழந்தையோடு கூடவே வளர்ந்தது. தவழும்போது கேட்டது, பள்ளிக்கூடம் போகும்போது கேட்டது, ஒரு நாள் குழந்தையே அதைச் சொல்லவும் கற்றுக்கொண்டது.

மகள் இப்போது ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரி, கோபக்காரி. ஒரு சாயங்காலம் எங்கள் கம்பெனி வாசலில், நாங்கள் எல்லோரும் வெளியே வரும் நேரத்தில், அம்மாவும் மகளும் பேசிக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர் வேறு ஊரில் திறக்கும் கிளைக்குப் போகிறேன் என்று மகள் சொல்ல, தனியாகப் போக வேண்டாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். பேச்சு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அந்தப் பெண் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"ஒரு வாய் பால் குடுக்கல. இப்ப மட்டும் எங்கேருந்தும்மா பாசம் பொங்குது?"

அக்கா ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டாள். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. கழற்றி மறுபடியும் போட்டாள்.

அந்த உடம்பை யாருமே சோதிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒருமுறை கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவளைப் பார்த்த டாக்டர் தைராய்டாக இருக்கலாம் என்று அதற்கும் சோதனை எழுதிக் கொடுத்தார். சோதனையில் எல்லாம் சரியாக இருப்பதாக வந்துவிட்டது. அன்றோடு அவள் சோம்பேறித்தனத்துக்குச் சான்றிதழ் கிடைத்தாயிற்று. "டாக்டரே சொல்லிட்டாரு, உடம்புல ஒண்ணுமில்ல, மனசுலதான்" என்று மாமியார் தெருவில் சொன்னாளாம். அந்த மாமியார் பிறகு படுத்த படுக்கையானபோது, மலம் அள்ளி, தலை வாரி, கடைசிவரை பார்த்துக்கொண்டதும் இவள்தான். சாகிற வரைக்கும் அந்தக் கிழவி தான் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதில் இன்றுவரை ஆத்திரம் உண்டு.

இப்படியே போயிருக்கும். முதலாளிக்குப் புது இயந்திரம் வாங்கும் ஆசை வராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் இப்படியேதான் போய்க்கொண்டிருக்கும்.

புது இயந்திரம் தானே இழுத்து, தானே இஸ்திரி போட்டு, தானே வெளியே தள்ளும். சுற்றிலும் மூடி. அனல் வெளியே வராது. பழைய ரோலரை ஒரு மூலைக்குத் தள்ளினார்கள், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று. இயந்திரத்தின் மறுபக்கம் மடிப்பு ஹால் ஒன்று கட்டி, அதில் ஏசியும் போட்டார்கள். நாங்கள் குதித்தோம். ஏசியில் வேலை பார்க்கும் சலவைக்காரிகள் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறார்கள் என்று பீற்றிக்கொண்டோம். ஸ்வெட்டரக்கா மட்டும் வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தாள்.

கொஞ்ச நாளில் அவள் மேல் இரண்டாவது ஸ்வெட்டர் ஏறியது. குரல் தடித்தது. பேசும்போது நாக்கு வாய்க்குள் இடம் போதாததுபோல் புரண்டது. பெட்ஷீட்டின் இரண்டு முனையைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டு தூங்கினாள். சூப்பர்வைசர் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உண்மைய சொல்லு. அந்தம்மா குடிக்குதா?"

"சார், அது டீயே முழுசா குடிக்காது."

"அப்ப ஏன் இப்படி ஆடுது? முதலாளி பாத்துட்டாரு. இன்னொரு தடவ தூங்கினா வீட்டுக்கு அனுப்பிடச் சொல்லிட்டாரு."

அன்று மாலையே அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் தெருமுனைக் கிளினிக்குக்குப் போனேன். வரமாட்டேன் என்றாள். "ஒண்ணுமில்லன்னுதான் சொல்வாங்க. அத இன்னொரு தடவ கேக்கணுமா?" என்றாள். அங்கிருந்த டாக்டர் சின்ன வயசு, ஆனால் கவனமாகப் பார்த்தார். முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, முட்டியில் தட்டிப் பார்த்து, ரத்தமும் எடுத்தார். மறுநாள் தைராய்டு ரொம்பக் குறைவாக இருக்கிறது என்று மாத்திரை எழுதினார். முகாமில் சரியாக இருக்கிறது என்றார்களே, இன்றைக்கு எப்படிக் குறைந்தது என்று நான் கேட்டேன். நடுவில் வந்திருக்கும் என்றார்.

அக்காவுக்கு அந்த மாத்திரைச் சீட்டைப் பார்த்துச் சந்தோஷம். நோய் என்று ஒன்று தனக்கும் இருக்கிறது என எழுத்தில் கிடைத்துவிட்டதல்லவா. "சோம்பேறி இல்லடி நான்" என்று பையில் பத்திரப்படுத்தினாள். ஆனால் மாத்திரை போடப் போட அவள் இன்னும் மோசமானாள். வாந்தி வந்தது. தண்ணீர் தங்கவில்லை. மருந்து பிடிக்கிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே ஒரு வைத்தியம் சொல்லிக்கொண்டோம். அந்த வாரக் கடைசியில் மடிப்பு மேசைக்கு அடியில், சூடு ஆறாத பெட்ஷீட் அடுக்கைக் கட்டிப்பிடித்தபடி விழுந்து கிடந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னைத் தெரியவில்லை. அப்போது நான் பயந்த பயத்தை என் பிரசவத்தில்கூடப் பயந்ததில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே கட்டிலில் விரித்திருந்த பெட்ஷீட் எங்கள் கம்பெனியிலிருந்து போனது. ஓரத்தில் எங்கள் முத்திரை. அதில் ஒரு சுருக்கம் இல்லை, அவள் ரோலரில் நின்ற காலத்தில் போட்டதாகத்தான் இருக்கும். புருஷனும் மகளும் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண் கடைச் சீருடையோடு, காலில் செருப்புகூட இல்லாமல் வந்திருந்தாள்.

ரத்த அழுத்தம் கையில் பிடிபடவே இல்லை என்றார்கள். உப்பு குறைந்துவிட்டது என்றார்கள். அப்போது ஒரு பெண் டாக்டர் வந்தார். ஹார்மோன் டாக்டர் என்று நர்ஸ் சொன்னாள். அவர் அக்காவின் பாதிப் புருவத்தைப் பார்த்தார், முடியே இல்லாத அக்குளைப் பார்த்தார், பிறகு எங்களிடம் திரும்பினார்.

"இவங்களுக்கு எத்தன கொழந்தைங்க?"

"ஒண்ணுதான். இந்தப் பொண்ணு," என்றேன் நான். புருஷன் பேச ஆரம்பிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

"பிரசவத்துல ரத்தம் நிறைய போச்சா?"

"மெத்த வரைக்கும் ஊறிச்சாம்."

"அப்புறம் மாசவிலக்கு வந்துச்சா?"

"இல்ல."

"பால் குடுத்தாங்களா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். மகள் தரையைப் பார்த்தாள். புருஷன்தான், என் ஆயுளில் முதல் தடவையாக, தானாக முன்வந்து பேசினார்.

"வரலைங்க டாக்டர். ஒரு சொட்டு வரல."

டாக்டர் உடனே நர்ஸிடம் ஓர் ஊசி சொன்னார். அது ஸ்டீராய்டு ஊசி என்று பிறகு தெரிந்தது. குளுக்கோஸ் பாட்டிலும் ஏறியது. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், சாயங்காலம் விளக்குப் போடுவதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். அவள் பசிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே அன்றுதான்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஸ்கேன், ரத்தம் என்று ஓடியது. எல்லாம் கைக்கு வந்தபின் டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிற டாக்டர்களையே பார்த்த எனக்கு அதுவே பாதி மருந்தாக இருந்தது.

"மூக்குக்குப் பின்னாடி, மூளைக்கு அடியில, எலும்புல ஒரு சின்னக் குழி இருக்கு," என்றார். "அதுல பட்டாணி அளவுல ஒரு சுரப்பி உக்காந்திருக்கும். பிட்யூட்டரின்னு பேரு. அதுக்கு மேல ஹைப்போதலாமஸ். உடம்புல என்ன குறையுது, என்ன கூடுது, குளிருதா, பசிக்குதான்னு அது சதா பாத்துக்கிட்டே இருக்கும். எது வேணுமோ அத பிட்யூட்டரிக்குச் சொல்லும். பிட்யூட்டரி மத்த சுரப்பிக்கெல்லாம் உத்தரவு அனுப்பும். கழுத்துல தைராய்டு, சிறுநீரகத்துக்கு மேல அட்ரீனல், கர்ப்பப்பை பக்கத்துல சினைப்பை. வேல முடிஞ்சு, ஹார்மோன் ரத்தத்துல போதுமான அளவு வந்ததும், அது மேல போய்ச் சேரும். போதும்னு மேல இருக்கறவங்க உத்தரவ குறைச்சுக்குவாங்க."

எனக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் கம்பெனிதான். மாடியில் முதலாளி, நடுவில் சூப்பர்வைசர், கீழே நாங்கள். முதலாளி மூட்டைகளைப் பார்த்துச் சூப்பர்வைசரிடம் சொல்வார், சூப்பர்வைசர் எங்கள்மேல் கத்துவார், வேலை முடிந்த சேதி மேலே போனால் கத்தல் நிற்கும். இதை நான் டாக்டரிடம் சொன்னேன்.

"ரொம்ப சரி," என்று அவர் சிரித்தார். "இவங்க உடம்புல அந்த சூப்பர்வைசர் இல்ல."

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பட்டாணி இருக்க வேண்டிய குழி கிட்டத்தட்ட காலி. கர்ப்பத்தில் அந்தச் சுரப்பி பெருத்துவிடுமாம். பெருத்த சுரப்பிக்கு ரத்தம் அதிகம் வேண்டும். பிரசவத்தில் ரத்தம் கொட்டி அழுத்தம் விழுந்தபோது அதற்குப் போய்ச் சேரவில்லை. அன்றைக்கே அது கருகிவிட்டது. தைராய்டு, அட்ரீனல், சினைப்பை எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. வேலை சொல்ல ஆள் இல்லாமல் இத்தனை வருடமும் கை கட்டிக்கொண்டு நின்றன.

"அப்ப அந்த முகாம்ல சரியா இருக்குன்னாங்களே?" என்றேன்.

"அதுல தைராய்டுக்கு வர்ற உத்தரவ மட்டும் அளந்திருப்பாங்க. பெரும்பாலும் அது போதும். இவங்களுக்கு அந்த உத்தரவு அளவுல சரியா இருந்தாலும், வலுவில்லாம பேருக்குத்தான் வந்துக்கிட்டிருந்திருக்கு. தைராய்டு என்ன வேல செஞ்சுதுன்னு யாரும் பாக்கல."

"கிளினிக்கு டாக்டர் பாத்தாரே. மாத்திர குடுத்தாரே. அதுல தானே விழுந்தா?"

"அவர் பாத்ததும் தப்பில்ல. ஆனா அட்ரீனலும் படுத்திருக்கும்போது தைராய்டு மாத்திரைய முதல்ல குடுக்கக்கூடாது. அது உடம்ப வேகமா ஓட்டும். அட்ரீனல் சுரக்கிற கொஞ்ச நஞ்ச ஸ்டீராய்டையும் செலவழிச்சுடும். முதல்ல ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராய்டு. இனிமே ரெண்டும் சாகுற வரைக்கும். ஒரு நாள்கூட விடக்கூடாது. காய்ச்சல் வந்தா ஸ்டீராய்டு ரெண்டு மடங்கு. வாந்தி எடுத்து மாத்திர தங்கலன்னா உடனே ஊசி போட இங்க வந்துடணும்."

அவளைப் பார்க்க வந்திருந்த எங்கள் சூப்பர்வைசர் இதைக் கேட்டிருந்தால் நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் பார்த்தாயா என்று மார்தட்டியிருப்பார். நல்லவேளை, அவர் ஆரஞ்சுப் பழம் வாங்கப் போயிருந்தார்.

இவ்வளவும் நடக்கும்போது ஸ்வெட்டரக்கா காலிக் குழி இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கேட்ட கேள்வி எதுவும் அவளுடையது இல்லை. டாக்டர் எழுந்திருக்கப் போனபோதுதான் அவர் கோட்டு நுனியைத் தொட்டாள்.

"டாக்டர், பால்? அதுவும் அங்கேருந்துதானா?"

டாக்டருக்கு அந்த வீட்டின் கதை தெரியாது. ஆனாலும் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"ஆமாம்மா. பால் சுரக்கச் சொல்ற ஹார்மோன் பிட்யூட்டரியிலதான் உண்டாகுது. சுரந்த பால வெளிய தள்ளுற ஹார்மோனும் அது வழியாத்தான் வரணும். உங்களுக்குக் கொழந்த பொறந்த அன்னிக்கே அந்த வழி அடைஞ்சு போச்சு. பால் வராததுதான் இந்த நோயோட முதல் அடையாளம். அன்னிக்கே யாராவது அத புரிஞ்சுக்கிட்டிருந்தா நீங்க இவ்வளவு வருஷம் கஷ்டப்பட்டிருக்க வேண்டாம்."

"அப்போ கொழந்தைய பாக்கக்கூட முடியாம தூங்கினேனே?"

"ரத்தம் அத்தனையும் போன உடம்பு. தூங்காம என்ன செய்யும்?"

"பாசம் இல்லாததால இல்லையே?"

"பாசத்த நான் ஸ்கேன்ல பாக்க முடியாது," என்றார் டாக்டர். "ஆனா பால் வராததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அத நான் எங்க வேணாலும் எழுதி கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. புருஷன் அவள் காலடியில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே இருந்த பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். பெற்ற தாய் அழும்போது எழுந்து போகிறாளே என்று எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. பின்னாலேயே போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனேன். தாழ்வாரத்துக் கடைசியில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள் அவளும் அழுதுகொண்டிருந்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அக்கா வேலைக்குத் திரும்பியபோது பழைய மெதுவான ஆளை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. குரல் மெலிந்து தெளிந்திருந்தது. வேடிக்கை சொன்னால் சொன்ன இடத்திலேயே சிரித்தாள். நான் அழுக்கு மூட்டைக்குக் குனிந்தால் அவளும் மறுமுனையைப் பிடித்தாள். ஒரு நாள் புது இயந்திரம் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. மூலையில் கிடந்த பழைய ரோலரைப் பற்றவைத்தார்கள். என் முறை. நான் வழக்கம்போலக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். பாவம் என்று அவளும் வந்து நின்றாள். நாலு பெட்ஷீட் போவதற்குள் பின்னால் நகர்ந்தாள்.

"என்னால ஆகாதுடி வாயாடி. வேர்க்குது."

"என்ன சொன்ன?"

"வேர்க்குதுன்னேன். பாரு." நெற்றியைக் காட்டினாள். உண்மையாகவே வியர்வை, புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய் ஏசிக்கு நேராக நின்றாள். ஹாலில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். அன்று முழுக்க நான்தான் ரோலரில் வெந்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தையும் எரிச்சலையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சேர்ந்தே வெளியே வந்தோம். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

"ஏக்கா, உன் மாமியார் மட்டும் இப்ப உசுரோட இருந்திருந்தா, அந்த டாக்டர் கையெழுத்தோட போய் நாக்க புடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டிருக்கலாம்."

அக்கா ஸ்வெட்டரை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினாள். "நானும் அதத்தான் நெனைப்பேன்," என்றாள். "இத்தன வருஷம் கழிச்சு சொல்றதுக்கு ஒரு பதில் கெடைச்சிருக்கு. சொல்லலாம்னா ஆள் இல்ல. யார்கிட்ட போய் சொல்றது?"

"என்கிட்ட சொல்லும்மா."

மகள் வாசலில் நின்றிருந்தாள், அன்றைக்குச் சண்டை போட்ட அதே இடத்தில். கையில் அக்காவின் மாத்திரை டப்பா. மத்தியானம் போட வேண்டியதை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று கொண்டுவந்திருந்தாள்.

"உனக்குத்தான் தெரியுமே," என்றாள் அக்கா. "டாக்டர் சொல்றப்போ நீ அங்கதானே இருந்த?"

"டாக்டர் சொன்னாங்க. நீ சொல்லல. பாட்டி மட்டுமா அத சொன்னாங்க? நானும்தானே சொன்னேன். இங்க நின்னுதானே சொன்னேன்." அந்தக் கோபக்காரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "என்கிட்ட சொல்லு."

அக்கா முதலில் மாத்திரையை வாங்கி வாயில் போட்டு, மகள் நீட்டிய பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தாள். எங்களைச் சுற்றி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் மகளை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் வியர்வை இன்னும் காயவில்லை.

"எனக்கு உன்மேல பாசம் இருந்துச்சுடி," என்றாள். "பால்தான் வரல."